ரசாயன ஆலைகளில் கார்பன் குறைக்க அரசுப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரசாயன ஆலைகளின் ஆற்றல் கணக்கையும் உமிழ்வுக் கணக்கையும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. மானியத்துக்கு விண்ணப்பம் எழுத உட்காரும்போதெல்லாம் எதிரில் இருக்கும் ஆள்தான் வேறு, கேள்விகள் அதேதான். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை விட்டிருக்கிறேன். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உதாரணங்கள் பல இடங்களிலிருந்து வருகின்றன.

ரசாயனக் கம்பெனி லாபத்துக்குத்தானே நடக்குது? அது புகையைக் குறைக்க வரிப்பணத்தை எதுக்குக் கொடுக்கணும்?

நியாயமான கேள்வி. அம்மோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்கை எரிவாயுவில் செய்ததும், காற்றாலை மின்சாரத்தில் செய்ததும் ஒரே பொருள். தொட்டியில் ஊற்றிவிட்டால் எது எதுவென்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் வாங்குபவர் கூடுதலாக ஒரு காசு தரத் தயங்குகிறார். செலவு ஏறுகிறது, விற்பனை விலை ஏறவில்லை. நடுவில் இருக்கும் பள்ளத்தை யாராவது நிரப்பாவிட்டால் எந்த நிர்வாகக் குழுவும் கையெழுத்துப் போடாது.

இன்னொன்று, ஆலையின் ஆயுள். இன்று கட்டும் பிளான்ட் முப்பது, நாற்பது ஆண்டு ஓடும். அதன் உமிழ்வையும் சேர்த்தே கட்டிவிடுகிறோம். புது முறையை முதலில் முயல்பவர் படும் பாட்டைப் பார்த்து இரண்டாமவரும் மூன்றாமவரும் மலிவாகச் செய்துகொள்வார்கள். அந்த முதல் பாட்டில் ஒரு பங்கைப் பொதுப்பணம் ஏற்பது சரி என்பதே என் கட்சி. ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், எந்த அளவுக்கு மேல் போனால் அது வெறும் தானம் என்ற அவர்கள் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

கூரையில சோலார் போட்டு, கரன்ட்டை மாத்திட்டா முடிஞ்சிடாதா?

ஜவுளி ஆலை என்றால் பாதி வேலை முடிந்துவிடும். ரசாயனத்தில் முடியாது, ஏனென்றால் இங்கே எரிபொருளை எரிப்பதோடு நிற்பதில்லை, அதுவே மூலப்பொருள். இந்தத் துறைக்குள் போகும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, பொருளாகவே மாறி வெளியே வருகிறது. மீத்தேனிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் கார்பன் டை ஆக்சைடு வந்தே தீரும். வேதிச் சமன்பாட்டின்படியே 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 5.5 கிலோ. உலையைச் சூடாக்க எரிப்பதையும் சேர்த்தால் 9, 10 கிலோவுக்குப் போகும். கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாஃப்தாவை உடைத்து, பிளாஸ்டிக்குக்கு மூலமான எத்திலீனை எடுக்கும் உலை (ஸ்டீம் கிராக்கர்) சுமார் 850 டிகிரி செல்சியஸில் ஓடுகிறது. அந்தச் சூட்டைக் கூரைச் சோலார் தராது.

அம்மோனியா ஒன்று மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 45 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2021-இல் கணக்குக் காட்டியது. உலகின் ஆற்றல் துறை உமிழ்வில் அது 1.3 சதவீதம்.

அரசுப் பணம்னா மானியம் மட்டும்தானா? வேற எந்த உருவத்துல வரும்?

பலர் மானியத்தை மட்டுமே நினைத்து வந்து, அது கிடைக்காது என்றதும் திரும்பிப் போகிறார்கள். கருவி வாங்க நேரடியாகத் தருவது முதலீட்டு மானியம். நார்வேயில் ஹெரோயா என்ற இடத்தில் யாரா என்ற உர நிறுவனம் அமைத்த 24 மெகாவாட் மின்பகுப்பு ஆலைக்கு (தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுப்பது), அந்நாட்டு அரசு அமைப்பான எனோவா 28.3 கோடி குரோனர் தந்தது. 2024-இல் திறந்தார்கள். ஆண்டுக்கு 20,500 டன் அம்மோனியாவுக்கான ஹைட்ரஜன் வரும். நாளுக்கு 2,000 டன் செய்யும் ஒரு பெரிய அம்மோனியா ஆலைக்கு அது பத்து நாள் வேலை. போக வேண்டிய தூரம் எவ்வளவு என்று அந்தப் பத்து நாளில் புரியும்.

அடுத்தது உற்பத்தியைப் பார்த்துத் தருவது. இந்தியாவின் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு ஒப்புதல் பெற்றது. அதன்கீழ், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் எடுத்த ஹைட்ரஜனால் செய்யும் பசுமை அம்மோனியாவுக்கு முதல் ஆண்டு கிலோவுக்கு 8.82 ரூபாய், இரண்டாம் ஆண்டு 7.06, மூன்றாம் ஆண்டு 5.30 என்று இறங்கும் ஊக்கத்தொகை. செய்து காட்டினால்தான் பணம். அமெரிக்காவில் இதே வேலையை வரிச்சலுகை செய்கிறது: பிடித்து நிலத்தடியில் புதைக்கும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் 85 டாலர் வரை, 12 ஆண்டுகளுக்கு.

வட்டிச் சலுகை, கடன் உத்தரவாதம், ஆய்வுக்கூட நிதி என்று வேறு வாசல்களும் உண்டு. எல்லாவற்றிலும் சுவாரஸ்யமானது வித்தியாச ஒப்பந்தம். அதற்குத் தனிக் கேள்வியே வந்திருக்கிறது.

வித்தியாச ஒப்பந்தம்ங்கிறாங்களே, ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க. தலை சுத்துது.

வைத்துக்கொள்வோம்: பழைய முறையை விட்டுப் புது முறைக்குப் போனால், ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைத் தவிர்க்க உங்களுக்கு 150 ஆகிறது. உமிழும் உரிமையை வாங்கி விற்கும் கார்பன் சந்தையில் ஒரு டன் 70-க்குப் போகிறது. அதாவது உமிழ்ந்துவிட்டு 70 கட்டுவது, உமிழாமல் இருக்க 150 செலவழிப்பதைவிட மலிவு. அரசு அந்த 80-ஐத் தருகிறேன் என்று 15 ஆண்டுக்கு எழுதிக் கொடுக்கிறது. சந்தை விலை 110-க்கு ஏறினால் அரசு தருவது 40. அது 170-ஐத் தொட்டால்? அப்போது நீங்கள் அரசுக்கு 20 தர வேண்டும்.

கடைசி வரியில்தான் பலருக்கு முகம் மாறும். ஆனால் வங்கிக்காரர் முகம் மலர்வதும் அங்கேதான்: விலை எப்படி ஆடினாலும் உங்கள் கையில் நிற்பது 150. ஜெர்மனி 2024-இல் முதல் சுற்று ஏலம் நடத்தி 15 ஒப்பந்தங்களை, அதிகபட்சம் 280 கோடி யூரோ அளவுக்கு, இந்த முறையில் போட்டது. அதில் ஒன்று லூட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள பி.ஏ.எஸ்.எஃப். என்ற ரசாயன நிறுவனத்தின் ஆலையில் வரும் 50 மெகாவாட் வெப்பப் பம்பு. ஸ்டீம் கிராக்கரைக் குளிர்விக்கும்போது வீணாய்ப் போகும் வெப்பத்தை எடுத்து ஆண்டுக்கு 5 லட்சம் டன் வரை நீராவி செய்யும்; பெரும்பகுதி ஃபார்மிக் அமிலத்துக்குப் போகும். அதற்கு அதிகபட்சம் 31 கோடி யூரோ. "அதிகபட்சம்" என்பதைக் கவனியுங்கள். கார்பன் விலை ஏறினால் அரசு தர வேண்டியது அந்த அளவுக்குக் குறையும்.

மொத்தச் செலவையும் அரசே ஏத்துக்குமா?

ஏற்காது. இது புரியாததால் பாதி விண்ணப்பங்கள் தவறாக எழுதப்படுகின்றன. அரசு பார்ப்பது கூடுதல் செலவை மட்டும். உங்கள் எரிவாயு பாய்லர் வயதாகிவிட்டது, எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், அதற்கு 4 கோடி. மின் பாய்லர் என்றால் 10 கோடி. தகுதியுள்ள செலவு 10 இல்லை, 6. அதில் திட்டம் 40 சதவீதம் தருகிறது என்றால் கைக்கு வருவது 2.4 கோடி. 10 கோடிக்கு 40 சதவீதம் என்று 4 கோடியை மனதில் போட்டு வந்தவர்களின் முகத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

முதல் கேள்வியில் சொன்ன பள்ளம் இதுதான். பள்ளத்தை நிரப்பத்தான் பணம். நீங்கள் எப்படியும் கட்டியிருக்கக்கூடிய சுவருக்கு இல்லை.

மெஷினுக்கு ஆர்டர் போட்டாச்சு. இப்போ விண்ணப்பிச்சா கிடைக்கும்ல?

அநேகமாகக் கிடைக்காது. பணம் இல்லாவிட்டால் செய்திருக்க மாட்டேன் என்று நீங்கள் காட்ட வேண்டும். ஆர்டர் போட்டுவிட்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்? ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசு உதவி விதிகளில் இது எழுத்திலேயே இருக்கிறது: வேலை தொடங்கும் முன் விண்ணப்பம். திரும்பப் பெற முடியாத ஆர்டர் போட்டாலே வேலை தொடங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். நிலம் வாங்குவது, சாத்தியக்கூறு ஆய்வு செய்வது, அனுமதிக்கு எழுதிப் போடுவது இவையெல்லாம் சேராது.

எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் கம்ப்ரஸருக்கு முன்பணம் போன தேதிக்கும் விண்ணப்பம் போன தேதிக்கும் பதினொரு நாள் இடைவெளி. "விற்பவர் தள்ளுபடி முடியப்போகிறது என்றார் சார்" என்றார் மேலாளர். தள்ளுபடி 3 சதவீதம். போன மானியம் 35 சதவீதம்.

அடிப்படை ஆண்டுன்னு கேக்கறாங்க. எந்த வருஷத்தைக் கொடுக்கறது?

குறைத்தேன் என்றால் எதிலிருந்து குறைத்தேன் என்று கேட்பார்கள் அல்லவா, அந்த "எதிலிருந்து"தான் அடிப்படை ஆண்டு. உமிழ்வு அதிகமாக இருந்த ஆண்டாகப் பார்த்துக் கொடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. சரிபார்ப்பவருக்கும் அந்த ஆசை தெரியும். நீண்ட ஷட்டவுன் வந்த ஆண்டு, பாதி கொள்ளளவில் ஓடிய ஆண்டு இவற்றை ஒதுக்கி, தொடர்ச்சியாக மூன்று ஆண்டு சராசரி கேட்பது வழக்கம். அதுவும் மொத்த டன் மட்டும் போதாது. ஒரு டன் பொருளுக்கு எத்தனை டன் உமிழ்வு என்ற விகிதமும் வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் ஆண்டில் இருக்காது, அளவையில் இருக்கும். ஒரு பாய்லர் அறையில் பார்த்தேன்: நீராவி மீட்டரின் முள் அசையவே இல்லை. பக்கத்தில் லாக் புக். மூன்று ஷிப்டுக்கும் ஒரே எண், ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எட்டு மாதத்துக்கு. ராத்திரி ஷிப்ட் ஆளைக் கேட்டேன். "மேல இருக்கறதைப் பார்த்துக் கீழ எழுதுவோம் சார்" என்றார், ஒளிவுமறைவில்லாமல். அந்த ஆலை முதலில் மீட்டர் போட்டு ஓர் ஆண்டு அளந்த பிறகுதான் விண்ணப்பிக்க முடிந்தது. நீங்கள் எந்தத் திட்டத்துக்கும் போகாவிட்டாலும் பரவாயில்லை, மீட்டரை மட்டும் இந்த மாதமே சரி செய்துவிடுங்கள்.

எங்களோடது சின்ன யூனிட். இந்தக் கோடிக் கணக்கெல்லாம் எங்களுக்கு எதுக்கு?

பெரிய தொகைத் திட்டங்கள் உங்களுக்கு இல்லை என்பது உண்மை. விண்ணப்பம் தயாரிக்கும் செலவே தாங்காது. ஆனால் ஆற்றல் சிக்கனத்துக்கான வாசல் திறந்திருக்கும்: மலிவு வட்டி, ஆற்றல் தணிக்கைக்கு உதவி. இந்தியாவில் எரிசக்தித் திறன் பணியகம் 2025-இல் தொடங்கிய 1,000 கோடி ரூபாய் திட்டத்தில் குறு, சிறு நிறுவனங்களின் கடனுக்கு 5 சதவீதம், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதம் வட்டியை அரசு ஏற்கிறது. ரசாயனத் துறையும் பட்டியலில் உண்டு.

சின்ன யூனிட்டில் நான் முதலில் பார்ப்பது நீராவிப் பொறிகளையும் (ஸ்டீம் டிராப்: நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு) குழாய்களின் வெப்பக் காப்பு உறைகளையும்தான். இதைச் சொன்னால் சிலர் ஏமாற்றமடைகிறார்கள், பேப்பரில் போட்டோ வராத வேலை என்று. எரிவாயு பில்லில் வரும்.

காசு கொஞ்சம்தான் இருக்கு. எதுல முதல்ல கை வைக்கறது?

உங்களிடம் நைட்ரிக் அமில பிளான்ட் இருந்தால் வேறெதையும் பார்க்காதீர்கள். அம்மோனியாவைப் பிளாட்டினம் வலையில் எரிக்கும்போது கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு துணைக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியாது, மணமும் பெரிதாக இல்லை, உற்பத்தியையும் கெடுக்காது. அதனால் பல காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் அதன் 1 கிலோ, 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 300 டன் அமிலம், டன்னுக்கு 7 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு என்றால் 2,100 கிலோ. 273-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு சுமார் 573 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகர். இதைக் குறைக்க உலையைப் பிரித்துக் கட்ட வேண்டாம். பிளாட்டினம் வலைக்கு அடியில் இன்னொரு வினையூக்கி அடுக்கை வைத்தால் பெரும்பகுதி நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். வலை மாற்ற எப்படியும் ஷட்டவுன் எடுப்பீர்களே, அப்போதே முடிந்துவிடும் வேலை. நைட்ரிக் அமில ஆலைகளுக்கு இதைச் செய்துகொடுக்கவே ஜெர்மன் அரசு 2015-இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது ஒரு சர்வதேசக் குழுவைத் தொடங்கியது.

அவ்வளவு மலிவா இருக்கிற வேலைக்கு அள்ளிக் கொடுத்தா எல்லாரும் சீக்கிரம் செய்வாங்களே, நல்லதுதானே?

அள்ளிக் கொடுத்துப் பார்த்தார்கள், கெட்டுப்போனது. குளிர்பதன வாயுவான எச்.சி.எஃப்.சி.-22 தயாரிக்கும்போது எச்.எஃப்.சி.-23 என்ற கழிவு வாயு வருகிறது. அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் கடுமையானது. கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்தின் தூய்மை மேம்பாட்டுப் பொறிமுறையில் இதை எரித்து அழித்தால் கார்பன் வரவு, அதாவது குறைத்த டன்னுக்கு விற்கக்கூடிய சான்று, கிடைத்தது. அழிக்கும் செலவு அற்பம், வரவின் விலையோ அதிகம். கடைசியில் கழிவை அழிப்பதில் வந்த பணம் பொருளை விற்பதில் வந்ததை மிஞ்சியது. கழிவுக்காகவே உற்பத்தியைக் கூட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2013 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த வரவுகளையும் அடிபிக் அமில ஆலைகளின் நைட்ரஸ் ஆக்சைடு வரவுகளையும் தன் கார்பன் சந்தையில் ஏற்பதை நிறுத்தியது.

தானம் எங்கே தொடங்குகிறது என்று முதலில் விட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆகும் செலவோடு தொடர்பறுந்து பணம் ஓடத் தொடங்கும் இடத்தில். மலிவான குறைப்புக்குச் சட்டம் போட்டால் போதும். பொதுப்பணத்தைக் கடினமான உலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பச்சை ஹைட்ரஜனுக்கு மாறினா உமிழ்வு பூஜ்யம்தானே? அப்புறம் ஏன் இத்தனை சான்றிதழ்?

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. 1 கிலோ ஹைட்ரஜனை மின்பகுப்பில் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் வேண்டும். நிலக்கரி மிகுந்த மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் 35 கிலோ ஆகிவிட்டது. பழைய மீத்தேன் வழி 9, 10 கிலோ என்று மேலே பார்த்தோம். மானியம் வாங்கிக்கொண்டு உமிழ்வை மும்மடங்குக்கு மேல் ஆக்கியிருப்பீர்கள்.

அதனால்தான் வரம்பு வைக்கிறார்கள். இந்தியா 2023-இல் வகுத்த வரையறையில் 1 கிலோ பசுமை ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, 12 மாதச் சராசரியில். அமெரிக்காவின் ஹைட்ரஜன் வரிச்சலுகையில் 4 கிலோவுக்குள் இருந்தால்தான் உள்ளே நுழையலாம். கிலோவுக்கு 3 டாலர் என்ற முழுத்தொகைக்கு 0.45 கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2030 முதல் மின்சாரம் உற்பத்தியான அதே மணி நேரத்தில் ஹைட்ரஜனும் உற்பத்தியாகியிருக்க வேண்டும். பகல் வெயிலைக் கணக்குக் காட்டி ராத்திரி நிலக்கரி மின்சாரத்தில் ஓட்ட முடியாது.

நாங்க கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சு யூரியாவுக்கு அனுப்பறோம். அது குறைப்புதானே?

1 டன் யூரியாவுக்குள் சுமார் 0.73 டன் கார்பன் டை ஆக்சைடு போகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் யூரியா வயலில் விழுந்து கரைந்ததும் அது மறுபடி காற்றுக்குப் போய்விடுகிறது. ஆலையில் புகையாத புகை வயலில் புகைகிறது. பெரும்பாலான திட்டங்கள் இதைக் குறைப்பாக எண்ணாது.

பிடித்ததை எங்கே வைக்கிறீர்கள், எத்தனை காலம் இருக்கும் என்பதே அளவுகோல். ஆழத்துப் பாறையில் இருக்கும், கட்டுமானப் பொருளாக இறுகினால் இருக்கும், எரிபொருளாக்கினால் அடுத்த வாரம் வெளியே வரும். பிடிப்பதிலும் இரண்டு விதம் உண்டு. அம்மோனியா ஆலையில் வாயுவைச் சுத்திகரிக்கும் கட்டத்தில் ஏறக்குறையத் தூய கார்பன் டை ஆக்சைடாகவே வருகிறது. அதை உலர்த்தி அழுத்தினால் போதும். உலையின் புகைபோக்கியில் வருவதோ நைட்ரஜனோடு கலந்து நீர்த்துப்போனது. பிரித்தெடுக்கவே நிறைய நீராவி செலவாகும். விண்ணப்பத்தில் இரண்டையும் ஒரே எண்ணாகக் காட்டாதீர்கள்.

எங்க பொருளால வாங்கறவங்க உமிழ்வு குறையுது. அதையும் எங்க கணக்குல சேர்த்துக்கலாமா?

கட்டடங்களுக்கு வெப்பக் காப்புப் பொருள் செய்பவர்கள் தவறாமல் கேட்பது. தனிப் பக்கத்தில் எழுதுங்கள், விளக்கமாகவே எழுதுங்கள். உங்கள் டன்னோடு மட்டும் கூட்டாதீர்கள். அதே டன்னை வாங்கியவரும் தன்னுடையது என்று எழுதியிருப்பார்.

ஒரே வேலைக்கு ரெண்டு மூணு இடத்துல பணம் வாங்கலாமா?

பல இடங்களில் வாங்கலாம், மறைக்கத்தான் கூடாது. எல்லாம் சேர்ந்து மேலே சொன்ன கூடுதல் செலவைத் தாண்டக் கூடாது என்பதே பொது விதி. லூட்விக்ஸ்ஹாஃபனின் 54 மெகாவாட் மின்பகுப்பு ஆலைக்கு ஜெர்மனியின் மத்திய அரசும் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநில அரசும் சேர்ந்தே 12.43 கோடி யூரோ வரை தந்தன. மானியமும் வாங்கி, அதே டன்னைக் கார்பன் வரவாகவும் விற்பது வேறு விஷயம். அங்கே ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

பணம் எப்ப கைக்கு வரும்? முதல்லயே கொடுத்துடுவாங்களா?

பெரும்பாலும் செலவழித்துவிட்டு ரசீதோடு போய்த்தான் வாங்க வேண்டும். கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் ஒரு பகுதி, ஆலை ஓடி உமிழ்வு குறைந்ததைச் சரிபார்த்த பிறகு மீதி. உற்பத்தி ஊக்கத்தொகையும் வரிச்சலுகையும் ஆலை ஓடத் தொடங்கும் வரை ஒரு காசும் தராது. ஒப்புதல் கடிதத்தைப் பத்திரிகையில் போட்டுவிட்டு, இடைக்காலக் கடன் கிடைக்காமல் நின்றுபோன திட்டங்கள் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே வங்கியில் பேசுங்கள். ஒப்புதல் கடிதத்தை ஈடாக எடுப்பார்களா என்று கேளுங்கள்.

ஆட்சி மாறினா கொடுத்த வாக்கு நிக்குமா?

நிற்காமல் போனதற்குச் சாட்சி உண்டு. அமெரிக்க எரிசக்தித் துறை 2024 மார்ச்சில் தொழில்துறை உமிழ்வுக் குறைப்புச் செயல்விளக்கத் திட்டங்கள் 33-க்கு 600 கோடி டாலர் வரை அறிவித்தது. 2025 மே மாதக் கடைசியில் அதே துறை, பல்வேறு செயல்விளக்கத் திட்டங்களுக்கான 24 நிதி ஒதுக்கீடுகளை, சுமார் 370 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, ரத்து செய்தது. டெக்சாஸ் மாநிலத்தின் பேடவுனில் எத்திலீன் உலைகளை ஹைட்ரஜனில் எரிக்க எக்ஸான்மொபிலுக்கு ஒதுக்கிய சுமார் 33.2 கோடி, லாங்வியூவில் பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கு ஈஸ்ட்மனுக்கு ஒதுக்கிய 37.5 கோடி இரண்டும் அதில் போயின. ஹைட்ரஜன் வரிச்சலுகைக்கும் 2028-க்கு முன் கட்டுமானம் தொடங்கியிருக்க வேண்டும் என்று சட்டத்தைச் சுருக்கினார்கள்.

கையெழுத்தான தனியார் சட்ட ஒப்பந்தம், அமைச்சரின் அறிவிப்பைவிடத் திடமானது. ஏலத்தில் வென்று 15 ஆண்டுக்கு எழுதிக்கொண்டது, ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒதுக்கப்படுவதைவிடத் திடமானது. நிர்வாகக் குழுவுக்குக் கணக்குக் காட்டும்போது மானியத்தோடு ஒன்று, மானியம் இல்லாமல் ஒன்று என்று இரண்டு தாள் கொடுங்கள். இரண்டாவது தாளில் ஆலை மூடும் நிலை வருகிறதென்றால் திட்டத்தைச் சின்னதாக்குங்கள்.

சொன்ன அளவு குறையலைன்னா திருப்பித் தரணுமா?

எதற்குப் பணம் வாங்கினீர்கள் என்பதைப் பாருங்கள். புதுத் தொழில்நுட்பத்தைச் சோதிக்க வாங்கியது என்றால் தோல்விக்கு இடமுண்டு. நேர்மையாக அறிக்கை எழுதி, கற்றதைப் பகிர வேண்டும். பி.ஏ.எஸ்.எஃப்., சாபிக், லிண்டே ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 2024-இல் ஓட்டத் தொடங்கிய மின்சார கிராக்கர் உலை அப்படிப்பட்டது: இரண்டு உலை, மொத்தம் 6 மெகாவாட், மணிக்குச் சுமார் 4 டன் ஹைட்ரோகார்பன், ஜெர்மன் அரசு தந்தது 1.48 கோடி யூரோ. 850 டிகிரியில் உலைக்குள் இருக்கும் குழாய்ச் சுருள் எத்தனை நாள் தாங்கும் என்பதே அங்கே கேள்வி.

குறைப்பின் அளவுக்காக வாங்கியது என்றால், சொன்னதில் எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில் பணம் வெட்டப்படும், சில சமயம் வட்டியோடு திரும்பக் கேட்பார்கள். விண்ணப்பத்தில் வீரமாக 60 சதவீதம் என்று எழுதாதீர்கள். உங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் ஒத்துக்கொள்ளும் எண்ணை எழுதுங்கள்.

உற்பத்தியைக் குறைச்சாலே உமிழ்வு குறைஞ்சிடுமே. வெளிநாட்டுல இருந்து வாங்கிக்கிட்டா?

உங்கள் புகைபோக்கியில் குறையும், வானத்துக்கு வித்தியாசமில்லை. இந்தத் தந்திரத்துக்காகத்தான் டன் பொருளுக்கு எவ்வளவு என்ற விகிதத்தையும் கேட்கிறார்கள் என்று அடிப்படை ஆண்டுக் கேள்வியில் சொன்னேன். பல ஒப்பந்தங்களில் குறைந்தபட்ச உற்பத்தியும் எழுதியிருக்கும்.

நாடுகளின் அளவில் இதற்கு வந்த மருந்துதான் ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி. 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறைக்கு வந்தது. உரமும் ஹைட்ரஜனும் அதில் அடக்கம், பெரும்பாலான கரிம ரசாயனங்கள் இன்னும் இல்லை. அங்கே ஏற்றுமதி செய்பவர் தன் பொருளின் உமிழ்வைக் காட்ட வேண்டும். சொந்த நாட்டில் கார்பனுக்கு ஏற்கெனவே கட்டிய விலையைக் கழித்துக்கொள்ளலாம். வாங்கிய மானியத்தைக் காட்டிக் கழிக்க முடியாது. ஆனால் மானியத்தால் உமிழ்வு உண்மையிலேயே குறைந்திருந்தால் வரியும் தானாகக் குறையும்.

விண்ணப்பம் போட்டா எங்க செய்முறை ரகசியம் வெளியே போயிடுமா?

ரகசியம் என்று குறிக்கும் பகுதிகளை வெளியிட மாட்டார்கள். குறிக்காமல் விட்டால் உங்கள் பாடு. வினையூக்கியின் கலவை, வெப்பநிலை வரைபடம் இவற்றைத் தனி இணைப்பில் வையுங்கள். ஆனால் வாங்கிய தொகை, குறைத்த டன் இரண்டும் பொதுவெளிக்கு வரும். வரிப்பணம் வாங்குபவர் அதில் கூச்சப்பட முடியாது.

இதுக்கெல்லாம் ஆலோசகர் வெச்சே ஆகணுமா?

என் பிழைப்பில் மண் போடும் கேள்வி. முதலீட்டு மானியம், வித்தியாச ஒப்பந்தம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். வட்டிச் சலுகைக்கு உங்கள் கணக்காளரும் பராமரிப்புப் பொறியாளரும் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். மானியத் தொகையில் சதவீதம் கேட்கும் ஆலோசகரிடம் கவனமாக இருங்கள். அவருக்கு எண்ணைப் பெரிதாக்க ஆசை வரும், பிறகு திருப்பித் தருவது நீங்கள். யாரிடம் போனாலும் முதல் நாள் கொண்டுபோக வேண்டியவை: மூன்று ஆண்டு எரிவாயு பில், மின்சார பில், உற்பத்திக் கணக்கு, பாய்லர் அறை லாக் புக். லாக் புக் நகல் வேண்டாம், அசலையே கொண்டுபோங்கள். பேனா மாறியிருக்கிறதா என்று அதில்தான் தெரியும்.